பதினாலாம் நம்பரின் கிழியாத சட்டை

என் வீட்டுக்காரர் ஒரு காலத்தில் தொழில்முறைக் கால்பந்து வீரர். இதைச் சொல்லும்போது இப்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருவதில்லை, பழகிவிட்டது. இன்றைக்கு அவர் குளியலறைச் சாமான் கடையில் விற்பனையாளர். குழாய், வாஷ்பேசின், முக்கியமாக வெஸ்டர்ன் டாய்லெட். உட்காருகிற சாமானை அவரைப் போல விளக்கிச் சொல்ல அந்தக் கடையில் வேறு ஆளில்லை என்று அவருடைய முதலாளியே சொல்கிறார். அனுபவம் பேசுகிறது. என்ன அனுபவம் என்று கேட்டால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அவர் ஆடிய அணி, சரி, அவர் இருந்த அணி, ஒன்றரை வருடம் உயிரோடு இருந்தது. ஆரம்பித்தவர் நான் வேலை பார்த்த மெத்தைத் தொழிற்சாலையின் முதலாளி. அவருக்கும் கால்பந்துக்கும் இருந்த ஒரே சம்பந்தம் அவருடைய மச்சினன். "ஊரே பந்து பாக்குது மாமா. சட்டையில நம்ம பேரைப் போட்டோம்னா மெத்தை பிச்சுக்கிட்டுப் போகும்" என்று அவன் ஓதினான். முதலாளிக்கு வீட்டில் நிம்மதி வேண்டும், சரி என்றார். மச்சினன் அணியின் மேனேஜர் ஆனான். 'சிங்கப் படை' என்று பெயர் வைத்தார்கள். ஊரில் ஒருவர் வாயிலும் அது நுழையவில்லை. 'மெத்தை டீம்' என்றே கடைசிவரை சொன்னார்கள்.

சட்டையின் நெஞ்சில் கம்பெனி வாசகத்தைப் போட்டதும் அந்த அறிவாளியின் யோசனைதான். 'படுத்தால் எழ மனம் வராது.' மெத்தைக்கு நல்ல வாசகம். அதையே நெஞ்சில் சுமந்துகொண்டு ஒருவன் மைதானத்தில் விழுந்து கிடந்தால் எப்படியிருக்கும் என்று கம்பெனியில் யாரும் யோசிக்கவில்லை. எதிரணி ரசிகர்கள் முதல் ஆட்டத்திலேயே யோசித்துவிட்டார்கள். எங்கள் ஆள் ஒருவன் தடுக்கி விழுந்ததும் மொத்த கேலரியும் ராகம் போட்டு அந்த வாசகத்தைப் பாடியதாம்.

பாடியதாம் என்கிறேன், ஏனென்றால் நான் போகவில்லை. ஆட்டம் சனிக்கிழமை மத்தியானம். எனக்கு அந்த நேரம் தையல் பிரிவில் ஷிஃப்ட். மெத்தை உறைக்கு ஓரம் அடிப்பது என் வேலை. அதோடு திங்கட்கிழமைகளில் துவைத்த சட்டைகள் ஒரு சாக்குப்பையில் என் மேஜைக்கு வரும். கிழிந்ததைத் தைத்து, பிரிந்த நம்பரை மறுபடி ஒட்டிக் கொடுக்க வேண்டும். ஆக, அந்த அணியில் எவன் முகமும் எனக்குத் தெரியாது. கிழிசல் மட்டும்தான் தெரியும்.

ஒன்பதாம் நம்பர் வாரம் தவறாமல் கழுத்திலிருந்து நெஞ்சுவரை நேராகக் கிழிந்து வரும். அது கொம்பன், கோல் அடிக்கிற ஆள். சுவருக்குச் சுவர் அவன் படம்தான். ஒன்றாம் நம்பருக்கு முழங்கை போகும். அது கோல்கீப்பர். அவனுக்குக் 'கதவு' என்று பெயர், எப்போதும் திறந்தே இருந்ததால்.

பதினாலாம் நம்பர் சட்டை மட்டும் ஒரு நூல்கூட இழுபடாமல் வந்தது. வாரா வாரம் அப்படியே. ஆனால் அதே நம்பர் போட்ட நிக்கரின் பின்பக்கம் தேய்ந்து சல்லடையாக இருந்தது. அதை ட்யூப் லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நான் துப்பறிந்தேன். சட்டை கிழியவில்லை என்றால் இவரை எவனாலும் எட்டிப் பிடிக்க முடியவில்லை. பின்பக்கம் தேய்கிறது என்றால் தரையோடு சறுக்கிப் போய்ப் பந்தைப் பறிக்கிறார். அடேயப்பா, என்ன ஆட்டக்காரர்! ஒரு நிக்கரைப் பார்த்து மனதைப் பறிகொடுத்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சூப்பர்வைசர் அக்காவிடம் பட்டும் படாமல் விசாரித்தேன்.

"பதினாலாம் நம்பர் எப்படிக்கா ஆளு?"

"தங்கமான பையன்மா. எந்த வம்புக்கும் போகமாட்டான். இருக்கிற இடமே தெரியாது."

யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

ஒருநாள் அவரே தையல் பிரிவுக்கு வந்து நின்றார். ஒல்லியாக, காது இரண்டும் சிவந்துபோய். "நிக்கருக்குப் பின்னாடி கொஞ்சம் கெட்டித் துணியா வச்சுத் தைச்சுத் தரமுடியுமாங்க?" என்று கேட்டார்.

"ரொம்ப சறுக்குவீங்களோ?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "அது... ஆமா, வச்சுக்கங்களேன்" என்றார்.

எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று உருகிப்போய், மெத்தை உறைத் துணியை இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்துக் கொடுத்தேன். நடுவில் கொஞ்சம் பஞ்சும் வைத்திருக்கலாம், அப்போது தோன்றவில்லை.

சில மாதத்தில் அவருடைய அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து பெண் கேட்டார். "பந்து உதைக்கிறதெல்லாம் ஒரு வேலையாடி?" என்றாள் அம்மா. "அவரை யாராலயும் தொடக்கூட முடியாதும்மா" என்றேன். தேதி குறித்தார்கள்.

அதற்குப் பிறகுதான் நான் முதல் ஆட்டத்தைப் பார்த்தேன். கேலரி காலியாகக் கிடக்கிறது என்று தையல் பிரிவையே ஷிஃப்டை நிறுத்தி மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போனான் மச்சினன். பதினொரு பேர் ஓடி வந்தார்கள். ஒவ்வொரு முதுகாகப் பார்த்தேன். பதினாலு இல்லை. உடம்பு சரியில்லையோ என்று பதறிக் கண்ணை ஓட்டினால், ஓரமாக ஒரு மரப் பெஞ்சில், மடியில் துண்டோடு உட்கார்ந்திருக்கிறார். பெஞ்சு நெடுக மரச் சிலாம்பு பெயர்ந்து நிற்கிறது. என் கெட்டித் துணிக்கு அன்றுதான் அர்த்தம் புரிந்தது.

இடையில் கோச் ஏதோ சொல்ல, இவர் எழுந்து கோட்டோரமாக ஓடத் தொடங்கினார். முட்டியைத் தூக்கினார், குனிந்தார், நிமிர்ந்தார், பக்கவாட்டில் துள்ளினார். எனக்குப் பின்னால் ஒருவன் கத்தினான்: "டேய், ஸ்டெப்னி எந்திரிச்சிருச்சுடா!" அவ்வளவுதான், கேலரி முழுக்கக் கைதட்டல், விசில். ஆட்டத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டவர்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இவர் கேலரியைப் பார்த்துக் கையை வேறு ஆட்டினார். ஓடி முடித்தார். போய் உட்கார்ந்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வேடிக்கை என்னவென்றால் கோபம் அவர்மேல் வரவில்லை, கைதட்டிய கும்பல்மேல் வந்தது. இந்த மனிதரைக் கிண்டல் செய்ய நான் ஒருத்தி போதும், நீங்கள் யார் என்று தோன்றியது. கல்யாணம் நடந்தது. அந்தக் கிண்டல் வேலையை இன்றுவரை நான் ஒரு குறையும் வைக்காமல் செய்துவருகிறேன்.

கொம்பனின் ரகசியத்தை அவர்தான் கல்யாணத்துக்குப் பிறகு சொன்னார். "அவன் சட்டையை எவனும் கிழிக்கிறதில்ல. இடைவேளையில ரூம்ல அவனே ரெண்டு கையாலயும் பிடிச்சுக் கிழிச்சுப்பான். அப்படியே வெளிய வந்தா கூட்டம் கத்தும்ல?"

"அதானே பார்த்தேன்" என்றேன். "எவனாவது இழுத்தா தோள்பட்டைத் தையல்தான் முதல்ல விடும். இது முன்பக்கம் நூல் பிடிச்ச மாதிரி நேரா இறங்குதேன்னு எனக்கு அப்பவே சந்தேகம்."

இவருக்கு ஒரே ஒரு தடவை வாய்ப்பு வந்தது. இரண்டாவது வருடம், ஆட்டம் முடியப்போகிற நேரம். கோச்சுக்கு என்ன தோன்றியதோ, "பதினாலு, போ" என்றார். இவர் மேல்சட்டையைக் கழற்றிக் கோட்டில் போய் நின்றார். பூட்ஸைத் தூக்கி அடிப்பாகத்தைக்கூடச் சோதனைக்குக் காட்டியாயிற்று. பந்து வெளியே போனால்தான் ஆளை மாற்றுவார்கள். பந்து போகவில்லை. ஒன்றரை வருடமாக உதைத்தால் நேரே வெளியே அனுப்பிய எங்கள் ஆட்கள், அன்றைக்குப் பார்த்து அழகாக உள்ளுக்குள்ளேயே தட்டி விளையாடினார்கள். ரெஃப்ரி விசில் அடித்தார். ஆட்டம் முடிந்தது.

அடுத்த வாரம் வெளியூர் ஆட்டத்துக்குப் புறப்பட்டு வந்து நின்றால் பஸ் வரவில்லை. மத்தியானம் அதே பஸ் ஒரு பிஸ்கட் கம்பெனி விளம்பரத்தோடு தெருவில் போனது. அதிலிருந்துதான் அணி கலைந்துவிட்டது என்று தெரிந்துகொண்டார்கள். சொல்லிவிட ஒரு ஆள் அனுப்பலாம் என்றுகூட மச்சினனுக்குத் தோன்றவில்லை.

ஆக, என் வீட்டுக்காரர் ஒரு நிமிடம்கூட ஆடாத தொழில்முறை ஆட்டக்காரர். ஆனாலும் பழக்கம் விடவில்லை. தினமும் காலையில் குடியிருப்பின் பார்க்கிங்கில், ஸ்கூட்டர்களுக்கு நடுவே அதே முட்டி, அதே துள்ளல். மகள் சின்னவளாக இருந்தபோது கேட்பாள்: "அப்பா எத்தனை கோல் போட்டாரும்மா?" நான் அடுப்படியிலிருந்தே சொல்வேன்: "கோலை விடு. பெஞ்சை விட்டு எத்தனை தடவை எந்திரிச்சாருன்னு கேளு." அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவரும் சிரிப்பார். எதற்கெடுத்தாலும் சிரித்துவிடுவார், அதுதான் எனக்கு ஆகாது.

ஒரே ஒரு தடவை சிரிக்கவில்லை. டிவியில் ஏதோ ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை அதிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "எல்லாருக்கும் தைச்சே. நீ தைக்கிற மாதிரி ஒரு சட்டை நான் கொண்டு வரவே இல்லையே." நான் எழுந்துபோய்த் துணியை மடித்தேன்.

போன மாதம் மெத்தை முதலாளியின் மகன் புது ஷோரூம் திறந்தான். விளம்பரத்துக்காகப் பழைய அணிக்கும் ஷோரூம் பையன்களுக்கும் ஒரு ஆட்டம் என்று எல்லோரையும் கூப்பிட்டான். பழைய மைதானத்தில் பாதி இப்போது கார் நிறுத்துமிடம், மீதியில் ஆட்டம். எல்லோருக்கும் புதுச் சட்டை, ஏனென்றால் பழைய சட்டைக்குள் எந்தத் தொப்பையும் நுழையாது. இவர் மட்டும் பீரோவிலிருந்து அந்தப் பழைய பதினாலை எடுத்தார். புதுசு போலவே இருந்தது. பழசாக அதற்கு எங்கே சந்தர்ப்பம்?

"இன்னைக்காவது உள்ள விடுவாங்களா?" என்றேன்.

"விடுவாங்க" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

மகள் கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து ஆறு மணிக்குத்தான் வருவேன் என்றுவிட்டாள். நான் மட்டும் போய் உட்கார்ந்தேன். கோச் ஊன்றுகோலோடு வந்திருந்தார். இவரை ஏற இறங்கப் பார்த்து, "யாரு, ஸ்டெப்னியா? இன்னும் இருக்கியா நீ?" என்று விசாரித்தார். விசாரித்துவிட்டுப் பெஞ்சைக் காட்டினார். இத்தனை வருடம் கழித்தும் அந்த மனிதருக்கு ஞாபகசக்தி அபாரம்.

கொம்பன் இப்போது வீட்டு மனை விற்கிறான். அரை மைதானம் ஓடியதும் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டான். கதவு வழக்கம்போலத் திறந்தே இருந்தது. ஒருவனுக்குத் தொடை பிடித்தது, ஒருவனுக்கு மூச்சு வாங்கியது. பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். மூன்று தடவை இவர் எழுந்து கோட்டோரம் ஓடிவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் பெஞ்சில் இவர் மட்டும்தான் மிச்சம். கொம்பன் தரையில் உட்கார்ந்துவிட்டான். கோச் சுற்றுமுற்றும் பார்த்தார், வேறு வழியில்லை. "போப்பா" என்றார்.

போனார். கோட்டைத் தாண்டிக் காலை வைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைப்பானேன்.

அதன்பிறகு அவர் ஓடிய ஓட்டம் இருக்கிறதே! இடது கோடிக்கும் வலது கோடிக்குமாக ஓடினார். கையைத் தூக்கித் தூக்கிப் பந்தைக் கேட்டார். ஒருவனும் தரவில்லை. யாருக்கும் அவரிடம் தந்து பழக்கமில்லை. ஷோரூம் பையன்கள் அவர் கிட்டே வந்தால், "அங்கிள், பார்த்து" என்று மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள். பந்தை ஒரே ஒரு தடவை தொட்டார், அதுவும் கையால். வெளியே போனதை எடுத்து எறிந்தார். ஆட்டம் முடிந்ததாக விசில் அடித்தார்கள்.

ஒரு விரல்கூட அவர்மேல் படவில்லை. நான் கண்ணை எடுக்கவே இல்லை, எனக்குத் தெரியும்.

உடை மாற்றும் அறைக்குப் போனவர் வர நேரமாயிற்று. வந்தார். சட்டையை மாற்றவில்லை. அது கழுத்திலிருந்து நெஞ்சுவரை, நூல் பிடித்த மாதிரி நேராகக் கிழிந்திருந்தது. தோள்பட்டைத் தையல் இரண்டு பக்கமும் அப்படியே இருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பஸ்ஸில் வழியெல்லாம் அந்தக் கிழிசலைக் கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டே வந்தார்.

வீட்டில் மகள் எங்களுக்கு முன்பே வந்திருந்தாள். பார்த்ததும், "ஐயோ, என்னப்பா இது, சட்டை?" என்றாள்.

"அது... ஆட்டத்துல ஒருத்தன் பிடிச்சு இழுத்துட்டான்மா."

"உன்னையா?" அவள் சிரித்தபடி என் பக்கம் திரும்பினாள். இவரைப் பற்றி எந்தச் சந்தேகம் என்றாலும் இந்த வீட்டில் தீர்ப்பு என்னுடையதுதான். "அம்மா, நிஜமாவா?"

அவர் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்தே இருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. என் நாக்கோ நமநமவென்று அரித்தது. இப்படி ஒரு வாய்ப்பு வாழ்நாளில் எனக்கும் இனிமேல் வராது.

"ஒருத்தனா?" என்றேன். "ரெண்டு பேருடி. ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுத் தொங்கினாங்க. அப்பவும் உங்கப்பா நிக்கலியே."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பார்க்காததுபோல உள்ளே போய்த் தையல் பெட்டியை எடுத்து வந்தேன்.

"கழட்டிக் குடுங்க" என்றேன். "தைச்சுத் தரேன்."