இறாலுக்குப் பிடித்த சூடு

போன மாதப் புயல் மழையில் எங்கள் ஐயப்பன்தாங்கல் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. தரைத்தளம். கணுக்கால் அளவுதான்... ஆனால் கணுக்கால் அளவுத் தண்ணீரில் யாரால் குடித்தனம் நடத்த முடியும்? மெத்தையை மேசை மேல் ஏற்றிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு, கரையான்சாவடியில் இருக்கும் என் சித்தி மகள் வளர்மதி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

வளர்மதி ஒரு தனியார் கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளர். இருபது வருடமாக மற்றவர்களின் ஆராய்ச்சிக்குக் குடுவை கழுவியவள். கணவருக்கு ஓசூரில் வேலை, மாதம் இரண்டு முறை வருவார். மகள் கோவையில் ஹாஸ்டலில். ஆக, வீட்டில் இருப்பது இவளும் — பத்து இறால்களும்.

சாப்பிடுவதற்கு அல்ல.

வீட்டின் பின்பக்கம், தகரக் கூரைக்கு அடியில், எட்டடி நீளத்துக்கு ஒரு ஃபைபர் தொட்டி. ஒரு முனையில் மீன் தொட்டிக்குப் போடும் ஹீட்டர். மறுமுனையில் ஐஸ் பாட்டில்கள். நடுவில் வரிசையாக ஐந்து தெர்மாமீட்டர்கள் தொங்கும். ஒரு முனை இளஞ்சூடு, மறுமுனை சில்லென்று. இடையில் எல்லாப் பக்குவத்திலும் தண்ணீர். அதில் நன்னீர் இறால்கள். கடலில் அல்லாமல் ஆற்றிலும் குளத்திலும் வளர்கிற ஜாதி. நீண்ட நீலக் கொடுக்கு, கண்ணாடி போல உடம்பு.

"எதுக்குடி இதெல்லாம்?" என்று கேட்டேன்.

"இறாலுக்கு இத்தனை டிகிரி நல்லதுன்னு எல்லாரும் எழுதி வெச்சிருக்காங்கக்கா. அது எனக்கும் தெரியும். அதுங்களா போய் எங்க உக்காருதுன்னு என் கண்ணால பாக்கணும். அவ்ளோதான்."

யாரும் கேட்காத ஆராய்ச்சி. யாரும் பட்டம் தரப்போவதில்லை. லீவு நாளில் மணிக்கு ஒரு முறை போய், எந்த இறால் எந்தத் தெர்மாமீட்டருக்குக் கீழே இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுவாள். அநேகமாக எல்லாமே இருபத்தெட்டுக்கும் முப்பதுக்கும் நடுவில் வந்து நின்றுகொள்ளுமாம். முட்டை சுமக்கும் ஒருத்தி மட்டும் இன்னும் கொஞ்சம் சூட்டுப் பக்கமாக நகர்ந்து உட்காருவாளாம். "ஒரே ஒருத்திய வெச்சு எதுவும் சொல்லக்கூடாதுக்கா. ஆனா எனக்கு அப்படித்தான் தோணுது" என்றாள். அவளுக்கு 'முட்டைக்காரி' என்று பெயரும் வைத்திருந்தாள்.

முதல் நாள் மதியம் பூராவும் நான் அந்தத் தொட்டி ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே மழை. தகரத்தில் அதன் சத்தம். தண்ணீருக்குள் அவை தூக்கத்தில் நடப்பவர்களைப் போல நடந்தன. ஒரு காலை எடுத்து வைக்கும், யோசிக்கும், மீசையை நீட்டிப் பார்க்கும், திரும்பிவிடும். எங்கே போகிறோம் என்று அவற்றுக்கே தெரியாதோ என்று தோன்றும். ஆனால் கடைசியில் சரியாக அந்த இடத்துக்கு வந்துவிடும்.

நான் விரலைவிட்டுப் பார்த்தேன். இருபத்தைந்துக்கும் இருபத்தெட்டுக்கும் என் விரலுக்கு வித்தியாசமே தெரியவில்லை. நமக்கு உடம்புக்குள்ளேயே ஒரு அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. அவற்றுக்கு அது கிடையாது. வெளியே தண்ணீர் என்ன சூடோ, உள்ளே ரத்தமும் அதே சூடு. தண்ணீர் குளிர்ந்தால் பசி குறையும், நடை குறையும், எல்லாமே மெதுவாகிவிடும்... அந்த மூன்று டிகிரிதான் அவற்றின் உலகம்.

அன்று மாலையே கரண்ட் போய்விட்டது.

மறுநாள் காலையில் எழுந்து வந்தபோது வளர்மதி தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஐஸ் பாட்டில்களை எல்லாம் எடுத்துவிட்டிருந்தாள். பேட்டரியில் ஓடும் சின்ன பம்ப் மட்டும் காற்றுக் குமிழிகளை விட்டுக்கொண்டிருந்தது. ஐந்து தெர்மாமீட்டரும் ஒரே எண்ணைக் காட்டின. இருபத்துமூன்று.

"பாருக்கா" என்றாள்.

பத்து இறாலும் ஒரே முனையில் இருந்தன. ஹீட்டர் இருக்கும் முனை. அது அணைந்து எத்தனையோ மணி நேரமாகிவிட்டது. ஆனாலும் அங்கேதான் சூடு வரும் என்று நம்பி, ஆறிப்போன ஹீட்டரைச் சுற்றி அசையாமல் நின்றன. முட்டைக்காரி அதன்மேலேயே சாய்ந்திருந்தாள். வயிற்றுக்கடியில் ஆரஞ்சாக இருந்த முட்டைகள் பழுப்பாக மாறத் தொடங்கியிருந்தன.

"நெறம் மாறிடுச்சு, இன்னும் ஒரு வாரத்துல பொரியணும். தண்ணிச் சூடு இதுக்கு மேல எறங்கினா முட்டைய உதறிடுவாளோன்னு பயமா இருக்கு."

வெந்நீரை அப்படியே ஊற்றக்கூடாது, திடீர்ச் சூடு ஆகாது. மூடி போட்ட தூக்குவாளிகளில் வெந்நீர் நிரப்பி மிதக்கவிட்டால் சூடு மெல்ல ஏறும் என்றாள். இரண்டு வாளி மிதக்கவிட்டோம். மூன்றாவதற்குப் பானையை ஏற்றியபோது கேஸ் தீர்ந்தது. சிலிண்டர் கேட்டுப் போன் செய்தால், தெருவில் தண்ணீர் வடியாமல் வண்டி வராது என்றார்கள்.

அந்தத் தெருவில் விறகடுப்பு உள்ள வீடு ஒன்றுதான். பக்கத்து வீடு. பஷீர் பாய்.

கல்யாணப் பிரியாணி மாஸ்டர். ஒருகாலத்தில் வீட்டின் பின்கட்டிலேயே விறகடுப்பு மூட்டி சமைத்தவர். இரண்டு வருடம் முன்னால் வளர்மதி, புகை தாங்கவில்லை என்று தெரு நலச் சங்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டாள். அவர் அடுப்பை அணைத்துவிட்டு, பாரிவாக்கத்தில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, வேலையை அங்கே மாற்றிக்கொண்டார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. நடுவில் இடுப்புயரச் சுவர் ஒன்றுதான்... ஆனால் இரண்டு வருடம் அதன் வழியாக ஒரு வார்த்தைகூடப் போகவில்லை.

"நான் போய்க் கேக்கறேன்" என்றேன்.

"வேணாம்க்கா. எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு?"

"என் மூஞ்சியத்தான்."

குடையை எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தது பாயின் மனைவி ஜரீனா. அவளுக்குப் பின்னால் பாய், லுங்கியும் பனியனுமாக. அன்றைக்கு இருந்த ஒரு கல்யாணம் மழையில் தள்ளிப்போய்விட்டதாம், சும்மா உட்கார்ந்திருந்தார். இறால், ஹீட்டர், கேஸ் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார்.

"உங்க தங்கச்சிக்கு என் புகை ஆவாதேம்மா" என்றார்.

நான் குடையை மடக்கினேன்.

"இறாலுக்கு ஆவுமா?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். "சூடு மட்டும்தான் பாய் வேணும், புகை அதுகிட்ட போகாது" என்றேன். அதற்குள் ஜரீனா உள்ளே போய் விறகை எடுத்துவர ஆரம்பித்துவிட்டாள்.

பின்கட்டுத் தாழ்வாரத்தில் பழைய அடுப்பு உயிர்பெற்றது. அதன்மேல் பிரியாணி தேக்சா, நானே உள்ளே உட்காரலாம் போல அவ்வளவு பெரிய பாத்திரம். ஈரக் காற்றில் புகை மேலே போகாமல் தாழ்ந்து, சுவரைத் தாண்டி, வளர்மதியின் வீட்டுக்குள்தான் வந்தது. அவள் ஜன்னலைக்கூட மூடவில்லை.

பாய் சுவரோரம் வந்து நின்றார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "எவ்ளோ சூடு வோணுமாம்?"

பதில் சொன்னது வளர்மதி. "இருபத்தெட்டு போதும் பாய். ஆனா மெதுவா ஏறணும். மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல போவக்கூடாது."

இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது.

"அவ்ளோதானே? தம்மு போடற கணக்கு" என்றார் பாய். "அவசரப்பட்டா அடி புடிச்சிரும். நீ டிகிரிய பாரும்மா, நான் நெருப்ப பாத்துக்கறேன்."

அந்த நாள் எப்படிப் போனது என்று இப்போது யோசித்தாலும் கனவு போலத்தான் இருக்கிறது. மழை விட்டும் விடாமலும் பெய்தது. வெளிச்சம் காலையா மாலையா என்று தெரியாத சாம்பல் நிறத்தில் நின்றது. பாய் வாளியை நிரப்பிச் சுவர் மேல் வைப்பார். நான் எடுத்துக்கொண்டு போவேன். ஆறிய வாளியை ஜரீனா திரும்ப வாங்கிக்கொள்வாள். நாலு வாளிகளும் தொட்டியில் சின்னச் சின்ன ஓடங்களைப் போல மிதந்தன. வளர்மதி மரத் துடுப்பால் தண்ணீரை மெல்ல அளைந்துவிட்டாள். இருபத்துநான்கு. அப்புறம் வெகுநேரம் கழித்து இருபத்தைந்து.

உயிர்களைச் சமைத்தே வாழ்ந்த ஒரு மனிதர், பத்து இறாலைச் சமைத்துவிடாமல் இருப்பதற்காக அன்று அவ்வளவு கவனமாக நெருப்பைத் தள்ளியும் இழுத்தும் விட்டுக்கொண்டிருந்தார்.

மதியம் மூன்று மணி இருக்கும். வளர்மதி சுவரருகே போனாள்.

"பாய்... அன்னிக்கு நான் நேரா உங்ககிட்டயே சொல்லியிருக்கணும். சங்கத்துல போய் எழுதிக் குடுத்தது தப்பு."

அவர் கொள்ளிக்கட்டையைத் தள்ளிக்கொண்டே சொன்னார். "புகை புகைதானேம்மா. எங்க ஊட்லயும் அதத்தான் சொல்லிகினு இருந்தா. நான் கேக்கல."

"பொண்ணுக்கு அப்ப வீசிங் ரொம்ப இருந்திச்சு. ராத்திரியெல்லாம் உக்காந்துகிட்டே இருப்பா."

பாய் நிமிர்ந்து பார்த்தார். "பாப்பாவுக்கா?"

"ஆமாம்."

"அத ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே நெருப்ப அணைச்சிருப்பேனே. என் மேல ஏதோ கோவம்னு நெனச்சிகினேன். இத்தினி நாளா அதான் நெனச்சிகினு கீறேன்." கொள்ளியை மறுபடியும் உள்ளே தள்ளினார். "இப்ப எப்டி கீது பாப்பா?"

"நல்லா இருக்கா. மூச்சுக்கு இழுக்கற மருந்து பம்ப் கூட வேணாம்னு டாக்டரே சொல்லிட்டாங்க."

"அல்லா காப்பாத்துவான்" என்றாள் ஜரீனா, கையில் காலி வாளியோடு.

நான் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சில பேச்சுகளை நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது இல்லையா?

அப்போதுதான் அதைக் கவனித்தேன். இறால்கள் ஹீட்டரைவிட்டு நகரத் தொடங்கியிருந்தன. ஒன்று மீசையை நீட்டியது. இன்னொன்று ஒரு வாளியின் நிழலுக்கடியில் போய் நின்றது. கடைசியாக முட்டைக்காரி, வயிற்றைத் தூக்கிக்கொண்டு, வீட்டுக்குள் மெல்ல நடக்கும் பிள்ளைத்தாய்ச்சியைப் போல, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து வந்தாள். தெர்மாமீட்டரைப் பார்த்தேன். இருபத்தேழு.

ஆறு மணிக்குக் கரண்ட் வந்தது. ஹீட்டரின் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பாய் அடுப்பில் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டது. வளர்மதி நோட்டை எடுத்து அன்றைய பக்கத்தில் எழுதினாள்: 'ஹீட்டர் வேலை செய்யவில்லை. சூடு: பஷீர் பாய், ஜரீனா.'

நான் மறுநாள் என் வீட்டுச் சேற்றைக் கழுவப் போய்விட்டேன். ஆறு நாள் கழித்துக் காலையில் போன். "அக்கா, உடனே வா."

போனேன். உப்பு கரைத்த தண்ணீரில் தனியாக விட்டிருந்த முட்டைக்காரியின் வயிறு காலியாக இருந்தது. நன்னீர் இறாலானாலும் குஞ்சுகளுக்குக் கொஞ்ச நாள் உப்புத் தண்ணீர் வேண்டுமாம். அவளைச் சுற்றித் தண்ணீர் முழுக்க... என்ன சொல்ல, வெயிலில் மிதக்கும் தூசியைப் பார்த்திருப்பீர்களே, அதைப் போல. எல்லாம் தலைகீழாக, வாலை முன்னால் விட்டு நீந்திக்கொண்டிருந்தன.

பாயும் ஜரீனாவும் எனக்கு முன்பே வந்திருந்தார்கள். இந்த முறை சுவரைத் தாண்டி அல்ல, வாசல் வழியாக.

"எத்தினி கீதும்மா?" என்றார் பாய்.

"எண்ண முடியாது பாய். நெறைய செத்தும் போவும். நூத்துல கொஞ்சம் தேறினாலே பெருசு."

அவர் தலையாட்டினார். பிறகு வெகுநேரம் குனிந்தே இருந்தார். எனக்கென்னவோ, அவர் எண்ண முயன்றார் என்றுதான் தோன்றியது.

நாம் எத்தனை பேருக்கு எத்தனையோ செய்கிறோம். காபி ஆற்றிக் கொடுக்கிறோம், அறிவுரை கொடுக்கிறோம், அன்பைக்கூடக் கொதிக்கக் கொதிக்க ஊற்றுகிறோம். 'உனக்கு எவ்வளவு சூடு வேண்டும்?' என்று கேட்டுவிட்டுக் கொடுக்கிறோமா? அன்று அந்தச் சுவரோரம் நின்ற மனிதர் முதலில் கேட்டது அதைத்தான்.

குஞ்சு பொரித்த அன்று மதியம் ஜரீனா ஒரு கேரியரில் சாப்பாடு கொண்டுவந்து வைத்தாள். நெய்ச்சோறு, கத்தரிக்காய் தால்ச்சா.

பிரியாணி மாஸ்டர் வீட்டில் அன்றைக்குச் சைவமாம்.