அக்காவின் டி டிரைவ்

போன வாரம் பரணிலிருந்து எங்கள் பழைய கம்ப்யூட்டரை இறக்கினேன். இறக்கினேன் என்பது பெருமைக்குச் சொல்வது. பாதி நான் இறக்கினேன், மீதிக்கு அதுவே இறங்கி என் தோளில் உட்கார்ந்தது. தூசியும் பாச்சா உருண்டையும் கலந்த வாசனை. அதற்கு அடியில், ரொம்ப மெல்லிசாக, சந்தனம். கேபினட்டின் முகத்தைத் துடைக்கப் போனால் வரிசையாக மூன்று பொட்டு. சந்தனம் காய்ந்து, நடுவில் குங்குமம் கறுத்துப்போய், அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. துணியைக் கீழே வைத்துவிட்டேன்.

சிட்லபாக்கத்தில் ஏரிக்கு அடுத்த தெருவில் இருக்கும் எங்கள் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறார்கள். அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. அதனால் எனக்கு ஒரு ஃப்ளாட், புனேயில் இருக்கும் அக்காவுக்கு ஒரு ஃப்ளாட் என்று பேச்சு. "எனக்கு எதுக்குடா? வெள்ளிக்கெழம வந்து எழுதிக் குடுத்துடறேன், ரெண்டையும் நீயே வெச்சுக்கோ" என்று அக்கா போனில் சொன்னாள். "அதெல்லாம் வேணாம்க்கா" என்று நானும் சொன்னேன், மரியாதைக்கு ஒரு தடவை. அவள் மறுபடி வற்புறுத்தியதும் சட்டென்று ஒத்துக்கொண்டேன். அவள் பங்கை எனக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் தயாராகி, மேஜைமேல் கையெழுத்துக்குக் காத்திருந்தது. கம்ப்யூட்டரையும் அதே மேஜையில்தான் வைத்தேன், வேறு மேஜை இல்லை.

இந்தக் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகச் சேர்த்துக் கொடுத்தவன் குமார். என் காலேஜ் சிநேகிதன், மேற்குத் தாம்பரத்தில் கடை வைத்திருக்கிறான். அன்றைக்கு அவன் ஒரே ஹார்ட் டிஸ்க்கை மூன்றாகப் பிரித்துத் தந்தான். சி டிரைவ் பொது. விண்டோஸும் அப்பாவும் அதில் குடியிருந்தார்கள். டி டிரைவ் அக்காவுக்கு, ஈ டிரைவ் எனக்கு. டி டிரைவுக்கு அக்கா என்றே ஆங்கில எழுத்தில் பெயர் வைத்தது நான்தான். பெயர்ப்பலகை மாட்டினால் சண்டை வராது என்று ஒரு நினைப்பு. அம்மாவுக்கு மட்டும் டிரைவ் இல்லை. "எனக்கு எதுக்கு அதெல்லாம்" என்று சொல்லிவிட்டாள். ஆனால் ஆயுத பூஜை வந்தால் கேபினட்டில் ஆளுக்கு ஒன்று என்று மூன்று பொட்டு வைப்பாள். டிரைவ் எல்லாம் உள்ளே இருக்கிறது, வெளியே வைத்து என்ன பிரயோஜனம் என்று கேட்டால், "சாமி எல்லாம் எட்டிப் பாத்துக்கும்" என்பாள்.

அக்காவுக்குக் கல்யாணமாகிப் புனேக்குப் போன பிறகுதான் வினை ஆரம்பித்தது. அப்பா எதை இறக்கினாலும் சி டிரைவில்தான் இறக்குவார். ஏரியில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடப்பதை ஒவ்வொரு கோணத்திலும் படமெடுத்து அதிகாரிகளுக்கு மெயில் அனுப்புவது அவருடைய ஓய்வுக்கால உத்தியோகம். ஏரியில் தாமரை நிறைய நிறைய, சி டிரைவும் நிறைந்தது. மீதி இடத்தைக் காட்டும் பட்டை சிவப்பாகிவிட்டது. அப்பா ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போவார். குளித்து, திருநீறு பூசி, டிபன் சாப்பிட்டு வந்தாலும் அது இன்னும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.

நான் தியாகத்துக்குத் துணிந்தேன். சேர்த்து வைத்திருந்த பாட்டையெல்லாம் மனசைக் கல்லாக்கிக்கொண்டு அழித்து, என் ஈ டிரைவையே டெலிட் செய்தேன். அந்த இடத்தைச் சி டிரைவோடு சேர்த்துவிடலாம் என்று திட்டம். டிரைவ் போய்க் கடைசியில் கறுப்பாக ஒரு காலியிடம் வந்தது. ஆனால் சி டிரைவை நீட்டு என்றால் நீள மறுத்தது. குமாருக்குப் போன் செய்தேன். அவன் சிரித்த சிரிப்பு சமையலறை வரை கேட்டிருக்கும்.

"இன்னா மச்சான் நீ? தெருக்கோடில மனை காலியாக் கீது, அத்தக் கொண்டாந்து மொத வூட்டோட சேக்கறேன்ற. நடுவுல ஒரு வூடு கீதுல்ல? பக்கத்துல ஒட்டிக்கினு இருந்தாத்தான் சேரும்."

நடுவில் இருந்தது அக்காவின் டி டிரைவ். திறந்து பார்த்தேன். பழைய பயோடேட்டா ஒன்று, கல்லூரிச் சுற்றுலாப் படங்கள் கொஞ்சம், அவ்வளவுதான். மற்றதெல்லாம் காலி. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. அப்போதே டெலிட் செய்துவிடப் போனேன். போன் பேச்சைக் கேட்டுவிட்டுக் கையில் கரண்டியோடு அம்மா வந்து நின்றாள்.

"அவகிட்ட கேட்டியா?"

"இதுக்கெல்லாம் எஸ்டிடி போட்டுக் கேப்பாங்களாம்மா? காலியாத்தான் கெடக்கு."

"காலியாக் கெடந்தா உன்னுதா?"

"அவ ஃபைல எல்லாம் கடைசில பத்திரமா வெச்சிடறேன்மா."

"மூலைல தள்ளிட்டு பத்திரம்ங்காத."

அப்பா பேப்பரை இறக்கிப் பார்த்துவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டார். அம்மா அப்படிக் குரலை உயர்த்துகிறவள் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுடைய பிறந்த வீடு வண்டலூர்ப் பக்கம். விவசாயக் குடும்பம், மாமாக்கள் நிலத்தை மனைபோட்டு விற்று வசதியானவர்கள் என்பது எனக்குத் தெரியும். அம்மா கையெழுத்துப் போட்ட கதை தெரியாது.

"அண்ணனுங்க ரெண்டு பேரும் வந்தாங்க. நான் அடுப்புல பால் வெச்சிருந்தேன். கட்டிக் குடுத்த எடத்துலதான் நீ நல்லா இருக்கியே, அங்க உன் பங்கு சும்மாத்தானே கெடக்குதுன்னாங்க. போட்டுக் குடுத்தேன். உள்ள போனா பால் இன்னும் பொங்கக்கூட இல்ல."

கொஞ்ச நேரம் அந்தச் சிவப்புப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பங்கு வேணும்னு நான் கேட்டிருக்க மாட்டேன்டா. ஆனா அதுக்கப்புறம் அங்க போனா நான் விருந்தாளி" என்றாள். பிறகு எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள். அன்றைக்கு சாம்பார் லேசாக அடிபிடித்திருந்தது, யாரும் குறை சொல்லவில்லை.

டி டிரைவில் அதற்கப்புறம் நான் கை வைக்கவில்லை. ரோஷத்தில் என் காலியிடத்தையும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா முன்னைவிட நிதானமாகக் குளித்தார். ஆயுத பூஜைக்கு அம்மா வழக்கம்போல மூன்று பொட்டு வைத்தாள். "என்னுதுதான் போயிடுச்சே, எதுக்கு மூணு?" என்றேன். "டிரைவுதானே போச்சு? எடம் அங்கதானே இருக்கு" என்றாள். குமாருக்கே விளங்கவைக்க வராத விஷயத்தை இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாளே என்று இருந்தது.

இதெல்லாம் அந்தச் சந்தன வாசனையில் வந்தது. நான் உட்கார்ந்ததென்னவோ வேறு வேலைக்கு. "சும்மா குடுத்துடாத மச்சான், எல்லா டிரைவையும் டெலிட் பண்ணிட்டுக் காயலான் கடைக்குப் போடு" என்று குமார் எச்சரித்திருந்தான். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, ஒரு ஒயர் வைத்து என் லேப்டாப்பில் மாட்டினேன். அது உறுமிக்கொண்டே எழுந்தது. இந்த லேப்டாப்பில் சி, டி என்று எழுத்துகள் எல்லாம் மாறி வந்தன. நான் வைத்த பெயர் மட்டும் மாறவில்லை. நடுவில் அக்கா. ஒரு பக்கம் அப்பாவின் டிரைவ், மறுபக்கம் என் காலியிடம், இடையில் அவள்.

அப்பாவின் தாமரைகளை என் லேப்டாப்புக்கு மாற்றிவிட்டு அந்த டிரைவை அழித்தேன். அடுத்து அக்காவுடையது. எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று லேப்டாப் கேட்டது. அதன் பக்கத்திலேயே பத்திரம் கிடந்தது. பங்கு சும்மாத்தானே கிடக்கிறது என்று வண்டலூரில் யாரோ சொல்வது போலிருந்தது. குரல் மட்டும் என்னுடையது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அக்காவைக் கூப்பிட்டேன்.

"உன் டி டிரைவ அழிக்கட்டுமாக்கா?"

"என்னது? அது இன்னுமாடா இருக்கு?"

"அம்மா தொடவிடல. உன்னக் கேக்கணும்னுச்சு." கரண்டியில் ஆரம்பித்துப் பால் வரை எல்லாவற்றையும் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று ஹலோ, ஹலோ என்றேன்.

"இருக்கேன். அழிச்சுக்கோ" என்றாள். மூக்கை உறிஞ்சினாள்.

"சரி. ஆனா பத்திரம் வேணாம். ஃப்ளாட் உன் பேர்லதான்."

"நான் எங்கடா அங்க வந்து இருக்கப் போறேன்? காலியாத்தான் கெடக்கும்."

"கெடக்கட்டும்க்கா."

போனை வைத்துவிட்டு அவள் டிரைவை அழித்தேன். திரை முழுக்க ஒரே கறுப்புப் பட்டை. அடுத்த மாதம் இந்த வீடும் இருக்காது. புதுக் கம்ப்யூட்டர்களில் ஒரே ஒரு சி டிரைவ்தான் வருகிறது, யாருக்கும் தனி இடம் கிடையாது. இப்போது இந்த டிஸ்க்கில் எதை வேண்டுமானாலும் எதோடு வேண்டுமானாலும் சேர்க்கலாம், நடுவில் வீடே இல்லை. "அவகிட்ட கேட்டியா?" என்று கேட்கத்தான் ஆள் இல்லை. கேட்டுட்டேன்மா.