சுடலைமாடன் அனுமதி கேட்கிறார்

கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, ஒருமுறை இழுத்தும் பார்த்த பிறகுதான் கார்த்திகேசன் பெயர் வாசிப்பார். ஊரடங்கில், மாணவர் ஒருவரும் இல்லாத வகுப்பறையிலும் அப்படித்தான். வீட்டில் சிக்னல் எடுக்காததால் கோவில்பட்டிக் கல்லூரிக்கே வந்து, அலைபேசியை முன்பெஞ்சில் சாய்த்து வைத்துக்கொண்டு தமிழ்ப் பாடம் நடத்தினார். பாதியில் தலைநிமிர்ந்து, "மூணாவது பெஞ்சுல என்ன சத்தம்?" என்பார். மூன்றாவது பெஞ்சில் தூசிதான் இருக்கும்.

தாழ்ப்பாள் விழுந்தபின் யாரையும் உள்ளே விடமாட்டார். "பந்தி முடிஞ்சுட்டுலே. நாளைக்கு வெள்ளன வா." 'எஸ் சார்' என்றாலும் ஆகாது. 'உள்ளேன் ஐயா' என்றே சொல்ல வேண்டும்.

பிள்ளைகளிடம் இருந்ததெல்லாம் அப்பாக்களின் அலைபேசிகள். திரையில் வந்த பெயர்களும் அவர்களுடையவையே. கார்த்திகேசன் கண்ணில் பட்டதை அப்படியே வாசிப்பார். "அழகிரிசாமி" என்றால் ஒரு பெண்குரல் 'உள்ளேன் ஐயா' என்று காலி அறைக்குள் ஒலிக்கும். வேடிக்கையாகத் தொடங்கியது வழக்கமாகிவிட்டது.

'சுடலைமாடன்' என்ற பெயரில் வருகிறவள் மாரிச்செல்வி. புதூர்ப் பக்கத்துக் கிராமம். கண்மாய்க் கரையில் ஆடுகளை மேயவிட்டுக்கொண்டே பாடம் கேட்பாள். ஒருநாள் அவள் பக்கமிருந்து கனத்த ஆண் இருமல் கேட்டது.

"சுடலைமாடன் அண்ணாச்சி, மாஸ்க்கப் போடுங்க!" என்றான் கிருஷ்ணகுமார். திரையின் எல்லாப் பெட்டிகளிலிருந்தும் சிரிப்பு.

"எங்க கிடா ஐயா. இருமுனா மனுசன் மாதிரியே இருக்கும். எங்கப்பாவே ஏமாந்து திரும்பிப் பாப்பாவ."

கொரோனா இரண்டாம் அலையில் அவள் அப்பா சுடலைமாடன் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். சுற்றிக் கட்டி வந்த உடலை ஊருக்கு வெளியிலேயே எரித்துவிட்டார்கள். மனைவி வெள்ளைத்தாய்க்கு முகம் காட்டவில்லை.

சில நாள் கழித்து, பெயரெல்லாம் வாசித்துப் பாடம் தொடங்கிய நேரம், திரையில் ஓர் எழுத்து வரி வந்து நின்றது: 'சுடலைமாடன் உள்ளே வர அனுமதி கேட்கிறார்.' கரிசல் காற்று கதவை உலுக்கிக்கொண்டிருந்தது. கார்த்திகேசன் முதலில் தாழ்ப்பாளைப் பார்த்தார். பிறகு திரையைத் தொட்டு, அந்தப் பெயரையும் வாசித்தார். தாமதமாக வந்த ஒருவரை அவர் சேர்த்துக்கொண்டது அதுவே முதல் முறை.

வகுப்பு முடிந்தும் மாரிச்செல்வி போகவில்லை. "ஐயா, பேர மாத்தச் சொல்லிராதீங்க. இன்னைக்கு அப்பா பேர நீங்க கூப்புட்டதக் கேட்ட பொறவுதான் அம்மா சோத்துல கைய வச்சா. 'அந்தப் பேரக் கூப்புடுத வரைக்கும் படிட்டி, நின்னுட்டா தீப்பெட்டி ஆபீசுக்குப் போ'ங்கா."

அன்றிலிருந்து தினமும் கூப்பிட்டார். அந்தப் பெயரை மட்டும் கொஞ்சம் நிதானமாக. கிடா இருமினால் இப்போது யாரும் சிரிப்பதில்லை.

கல்லூரி திறந்தது. முகக்கவசங்களுக்கு மேலே கண்கள் மட்டும் தெரியும் வகுப்பு. எந்தக் குரல் யாருடையது என்று அவருக்குத் தெரியும், முகங்கள்தான் தெரியவில்லை. மாரிச்செல்வி மேசையருகே வந்து நின்றாள்.

"காலேஜுக்கு வர அம்மா விட்டுட்டாளா?"

"கிடா, குட்டி எல்லாத்தையும் வித்துட்டுத்தான் அனுப்பிருக்கா ஐயா. தொழுவம் காலியாக் கெடக்கு. போனு அவகிட்டதான் இருக்கு. நீங்க கூப்புடுவீயன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

கார்த்திகேசன் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளைப் போட்டு இழுத்துப் பார்த்தார். அலைபேசியில் பழைய இணைய வகுப்பைத் திறந்து, பிள்ளைகளைப் பார்க்கும்படி மேசைமேல் நிறுத்தினார். அது அதிர்ந்தது. சுடலைமாடன் அனுமதி கேட்டார். கொடுத்தார்.

பிள்ளைகளை அவரவர் பெயரால் வாசித்து வந்தவர், மாரிச்செல்வியின் இடம் வந்ததும் சற்று நிறுத்தினார்.

"சுடலைமாடன்."

"உள்ளேன் ஐயா" என்று மாரிச்செல்வி எழுந்தாள்.

அவள் குரல் அடங்கும் முன்பே அலைபேசியிலிருந்து இருமல் கேட்டது. கனத்த இருமல், இரண்டு தரம். கிருஷ்ணகுமார் தலையைக் குனிந்துகொண்டான். மாரிச்செல்வி உட்காரவில்லை. அலைபேசியைப் பார்க்கவும் இல்லை, ஐயாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கார்த்திகேசன் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தார். நடந்துபோய்த் தாழ்ப்பாளை நீக்கி, கதவை முழுக்கத் திறந்து, ஓர் ஆள் நுழைய வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.