ஒத்தைக்கோட்டு அக்கா

ஊரெல்லாம் பரவிய அந்தத் தொற்றுக் காய்ச்சல், நாற்பத்தொரு வயது வரை அவளை எட்டிப் பார்த்ததில்லை. அதை அவள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லாமலும் விட்டதில்லை.

காகிதப் பரிசோதனைப் பட்டை செய்யும் சின்னக் கூடத்தில் அவளுக்கு வெட்டும் வேலை. அந்தக் காய்ச்சலின் கிருமி வந்துபோன உடம்பில் அதை எதிர்த்த ஆன்டிபாடி தங்கியிருக்கும். பட்டையில் ஒரு சொட்டு ரத்தம் விட்டால், முதல் கோடு பட்டை வேலை செய்கிறது என்று சொல்லும். இரண்டாவது கோடு ஆன்டிபாடியைப் போட்டுக்கொடுத்துவிடும். புதுத் தொகுதி ஒவ்வொன்றையும் அவள் விரலில் குத்தித்தான் பார்ப்பார்கள். ஒரு கோடு மட்டும் வந்தால் தொகுதி தேறியது. அதனால் அவள் எல்லோருக்கும் ஒத்தைக்கோட்டு அக்கா.

அன்று இரண்டு கோடு வந்தது.

"முழிக்காதீங்க அக்கா, உங்க ரத்தம்தான்," என்றாள் பட்டை ஒட்டுகிறவள்.

"பட்டைக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு."

"அப்போ மொத்தத்தையும் குப்பையில கொட்டணும். வெட்டினது நீங்க."

அவள் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பட்டை பொய் என்றால் கழுத்தொடிய வெட்டியதெல்லாம் வீண். திங்கட்கிழமை மருத்துவ முகாமுக்கு அனுப்பப் பட்டையே இருக்காது. பட்டை மெய் என்றால் தன் பெருமை போச்சு.

மேற்பார்வையாளர் போன மாதம் தேறிய தொகுதியிலிருந்து ஒரு பட்டையை எடுத்து அவள் ரத்தத்தை விட்டார். அதிலும் இரண்டு கோடு.

"வீட்ல யாருக்காவது காய்ச்சல் வந்துச்சாம்மா?"

"எங்க வாசப்படியை அது மிதிச்சதே இல்ல சார். பழைய பட்டை நமுத்திருக்கும். இன்னொண்ணு குடுங்க, வீட்டுக்காரருக்குப் போட்டுக் காட்டறேன். காய்ச்சலே வராத அவருக்கும் ரெண்டு கோடு விழுந்தா பட்டைதான் பொய்."

வீட்டுக்காரர் தையல்காரர், கடை அடுத்த தெருவில். அவள் ஊசியும் பட்டையுமாக நுழைந்ததும் மனிதர் மெஷினுக்குப் பின்னால் பதுங்கினார்.

"விரலை நீட்டுங்க."

"ஐயோ, ஊசியா?"

"பகல் பூரா ஊசியோட குடும்பம் நடத்துறவருக்கு என்ன பயம்?"

"அது துணியைக் குத்துற ஊசிம்மா!" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினார். "குத்தவே வேணாம். போன மாசக் கடைசியில, யூனிஃபார்ம் ஆர்டர்னு சொல்லிக் கடையிலேயே படுத்தேனே... காய்ச்சல்தான்."

"ஏன் சொல்லல?"

"நீ ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரியறே. உன் மானத்தை நானா வாங்குவேன்?"

அவர் வீடு திரும்பிய வாரம் தனக்குத் தொண்டை கரகரத்ததும், பழியை ஐஸ்கிரீம் மேல் போட்டதும் அவளுக்கு நினைவுக்கு வந்தன. மூச்சுவிடாமல் திட்டினாள். திட்டு பாதியில் இருக்கும்போதே சிரிப்பு முந்திக்கொண்டது. தன் வெட்டில் குறையில்லை.

"பட்டை நல்ல பட்டைதான் சார். கெட்டுப்போனது நாங்கதான்," என்றாள் திரும்பி வந்து.

வாசல் காவலர் விரலில் புதுப் பட்டையைப் போட்டுப் பார்த்தார்கள். ஒரே கோடு. அவர் அன்றே ஒத்தைக்கோட்டு அண்ணன் ஆகிவிட்டார்.

தொகுதி திங்கட்கிழமை முகாமுக்குப் போகிறது. இரண்டாவது கோடு ஒழுங்காக விழுகிறதா என்று பார்க்கவும் ஓர் ஆள் வேண்டும். அடுத்த தொகுதியிலிருந்து அதற்கு அவள் விரல்.