ஆறிப்போன கீறல்

"புண்ணு ஆறிடுச்சுன்னா கிருமி செத்துப்போச்சுன்னுதானே அர்த்தம்?" என்று மாமா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதையும் நான் சொல்லவில்லை.

மாமா என் அம்மாவின் தம்பி. கால்நடை மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடம் உதவியாளராக இருந்தார். மாட்டின் தொண்டையில் ஏதாவது சிக்கினால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நாக்கை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்து, முழங்கை வரை கையை விட்டு எடுத்துவிடுவார். கந்தல் துணி, பிளாஸ்டிக் பை, ஒருமுறை ஒரு குழந்தையின் செருப்பு. கையுறை மட்டும் போடமாட்டார். "அதைப் போட்டா விரலுக்குக் கண்ணு தெரியாது" என்பார்.

அந்தப் பசுவையும் அப்படித்தான் கொண்டுவந்தார்கள். எச்சில் ஒழுகியது, விழுங்க முடியாமல் திணறியது. மாமா இரண்டு முறை துழாவிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. அன்று காலை மருந்துப் புட்டி உடைந்து அவர் கட்டைவிரலில் சின்னக் கீறல் இருந்தது. நான்காம் நாள் பசு செத்தது. மூளையைச் சோதித்தபோது வெறிநோய், அதாவது ரேபிஸ், என்று தெரிந்தது. வெறிநோய் வந்த மாடு, தொண்டை அடைத்த மாடு போலவே இருக்கும். மருத்துவர் போனில் கூப்பிட்டு ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார்.

அத்தை உடனே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"பசு என்ன நாயா, கடிக்க? பல்லே படலடி."

"எச்சில் பட்டுச்சுல்ல?"

"இருபத்திரண்டு வருஷமா எச்சில்லதான் குளிக்கிறேன். இந்தா பாரு." விரலில் ஒரு வெள்ளைக் கோடுதான் இருந்தது. "நம்ம வீட்டு விஞ்ஞானியையே கேப்போம்" என்று என் பக்கம் திரும்பி, அந்தக் கேள்வியைக் கேட்டார்.

மறுநாள் எனக்கு உயிரியல் தேர்வு. வைரஸ் பாடத்தைத்தான் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். தொல்லை விட்டால் போதும் என்று, "ஆமா மாமா, அப்படித்தான்" என்றேன்.

"கேட்டுக்க. படிச்ச புள்ள சொல்லுது."

அத்தை செருப்பைக் கழற்றினாள்.

தோல் மூடிக்கொண்டபோது கிருமி உள்ளேதான் இருந்தது. முதலில் அது தசைச் செல்களுக்குள் புகுந்து, அந்தச் செல்லைக் கொண்டே தன்னைப் போல நிறையச் செய்துகொள்கிறது. பிறகு அங்கே முடியும் நரம்பின் நுனிக்குள் நுழைகிறது. ஒரு நரம்புச் செல்லின் முனையிலிருந்து நடுவில் உள்ள சின்ன இடுக்கைத் தாண்டி அடுத்த செல், அங்கிருந்து அடுத்தது. இரத்தத்தில் பெரும்பாலும் வருவதில்லை; போகிற வழியில் செல்களை உடைப்பதும் இல்லை. அதனால் வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை, காவலுக்கு இருக்கும் எதிர்ப்புச் சக்திக்கும் தெரிவதில்லை. மூளையை அடைய வாரங்களோ மாதங்களோ ஆகும். அந்த இடைவெளியில்தான் ஊசி காப்பாற்றும். மாமாவுக்கு இரண்டு மாதம் இருந்தது. அந்த இரண்டு மாதமும் அவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

பிறகு ஆறிப்போன இடத்தில் அரிப்பு எடுத்தது. ஒரு வாரத்தில் தண்ணீர் டம்ளரைக் கண்டாலே தொண்டை இறுகியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் தன் வாய்க்குள் தானே விரலை விட்டுக்கொண்டு, "என்னமோ சிக்கியிருக்குடி, எடுத்துடு" என்று அத்தையிடம் கெஞ்சினார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

வைரஸ் கேள்விக்கு எனக்கு முழு மதிப்பெண் வந்திருந்தது. அத்தை என்னைத் திட்டவில்லை. "நீ சொன்னேன்னுதான் நான் திரும்பி உள்ள வந்தேன்" என்றாள், ஒரே ஒருமுறை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வருவதில்லை.

உங்களுக்குத் தெரிந்தவர்களில் ஆடு மாடு, நாய் பூனையோடு வேலை செய்பவர் ஒருவராவது இருப்பார். அவரிடம் இதைச் சொல்லுங்கள். கடிக்க வேண்டியதில்லை, கீறலில் எச்சில் பட்டாலே போதும். உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால்மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசிக்குப் போகச் சொல்லுங்கள். நாள் தள்ளிப்போயிருந்தாலும் போகச் சொல்லுங்கள். போகமாட்டேன் என்றால் இதைப் படித்துக் காட்டுங்கள்.