அம்மனுக்குப் போடாத பெல்ட்

லோடு கட்டுவதில் எனக்கு இந்த ஊரில் ஒரு பேர் உண்டு. என்ன பெரிய பேர், இப்போது நினைத்தால் எரிகிறது. என் வண்டிக்குப் பக்கப் பலகை கிடையாது. பின்னால் வெறும் இரும்புத் தட்டு, ஓரத்தில் கொக்கிகள், அவ்வளவுதான். வேங்கிக்கால் பக்கம் எழும்பும் புது வீடுகளுக்கு கிரானைட் பலகை, கம்பிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி என்று இருபது வருஷமாக ஏற்றுகிறேன். ஒரு கல் நகர்ந்ததில்லை. அடியில் வைக்கோல் மூட்டை, நாலு பக்கமும் கட்டை, மேலே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு பெல்ட். லிவரைப் போட்டு இறுக்கினால் வண்டியும் லோடும் ஒரே உடம்பு. பத்து கிலோமீட்டர் ஓட்டியதும் இறங்கி மறுபடி இறுக்குவேன். ஊரான் வீட்டுக் கக்கூஸ் பீங்கானுக்கே இவ்வளவு செய்தவன் நான்.

எங்கள் ஊர் செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கே அம்மன் கோயிலைப் புதிதாகக் கட்டினார்கள். கோயில் கமிட்டிக்கு என் அண்ணன்தான் தலைவர். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். அப்பா போன பிறகு வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. வேலூர் ரோட்டில் ஒரு பட்டறையில் சிலை தயார். உட்கார்ந்த கோலத்தில் அம்மன், நெஞ்சு உயரம், ஐந்நூறு கிலோவுக்குக் குறையாது. நம்ம ஊர் சாமி, என் வண்டியிலேயே வரட்டும் என்று நான்தான் பெருமையாகச் சொன்னேன்.

அன்று காலை அண்ணனும் கமிட்டிக்காரர் இரண்டு பேரும் மாலை, மஞ்சள் புடவையோடு பட்டறைக்கு வந்தார்கள். ஸ்தபதி என்னிடம், "இன்னும் கண்ணு தொறக்கலங்க. இப்போதைக்கு கல்லுதான். மல்லாக்கப் படுக்க வெச்சி நல்லா கட்டிடுங்க" என்றார். நான் பெல்ட்டை எடுத்தேன். அண்ணன் முகம் மாறிவிட்டது.

"படுக்க வெச்சி கட்டுறதுக்கு இது இன்னாடா, பாடையா? அம்மா உக்காந்த மேனிக்குத்தான் ஊருக்குள்ள வரணும்."

"சரிணா, உக்காரவே வெக்கிறேன். மேல ஒரு பெல்ட்டாவது போட்டுக்கிறேன்."

"கழுத்துல போடுவியா? ஊரு பொம்பளைங்க ஆரத்தியோட நிக்கிறாங்கடா. நான் மேல ஏறி கட்டிப் புடிச்சிக்கிறேன். நீ மெதுவா ஓட்டு."

"ராகு காலம் வந்துடும், கெளம்புங்கப்பா" என்றார் கமிட்டிக்காரர் ஒருவர். நான் பெல்ட்டைச் சுருட்டி சீட்டுக்குப் பின்னால் போட்டேன். பீடத்துக்கு மட்டும் கட்டை வைத்து ஒரு கயிறு சுற்றினேன். அது போதாது என்று எனக்குத் தெரியும். மேலே கனமான லோடைக் காலில் கட்டி என்ன பிரயோஜனம்? அப்படியென்றால் வண்டியை எடுக்க மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சாமி விஷயம், அண்ணன் சொல், நாலு பேர் முன்னால் எதற்கு வம்பு என்று வாயை மூடிக்கொண்டேன். கோழைப்பயல்.

இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டவில்லை. டவுனைச் சுற்றிக்கொண்டு செங்கம் ரோட்டைப் பிடித்தேன். கமிட்டிக்காரர்கள் பைக்கில் பின்னால் வந்தார்கள். வழியெல்லாம் ஜனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். திரும்பிப் பார்த்தால், கேபினுக்கும் சிலைக்கும் நடுவில் அண்ணன் உட்கார்ந்து இரண்டு கையாலும் அம்மனைக் கட்டிப் பிடித்திருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. அந்த ரோட்டிலேயே இருக்கிற ஆசிரமத்துப் பக்கம் வரும்போது, முன்னால் போன ஆட்டோ யாரோ கை காட்டியதும் நடுரோட்டில் நின்றது. பிரேக் போட்டேன். பெரிய பிரேக் கூட இல்லை.

முதுகுக்குப் பின்னால் கேபின் தகரம் நசுங்கியது. அண்ணன் கத்தக்கூட இல்லை.

இறங்கி ஓடினேன். அம்மன் குப்புறச் சாய்ந்து அவர் இடுப்பின் மேல் கிடந்தாள். டீக்கடையில் நின்றவர்கள், ஆட்டோக்காரர், எல்லோரும் ஓடி வந்தார்கள். வெறும் கையால் அசைக்க முடியவில்லை. சீட்டுக்குப் பின்னாலிருந்த பெல்ட்டை எடுத்து வந்து அம்மன் கழுத்திலேயே போட்டு, பத்துப் பேர் இழுத்துத்தான் நிமிர்த்தினோம். கமிட்டிக்காரர்களும்தான் இழுத்தார்கள். கழுத்தில் போடாதே என்று அப்போது ஒருத்தரும் சொல்லவில்லை.

சிலைக்கு ஒரு கீறல் இல்லை. ஊருக்கு அதுதான் பெரிய அதிசயம். கழுவி, பரிகாரம் செய்து, குறித்த நாளிலேயே கும்பாபிஷேகத்தை நடத்திவிட்டார்கள். உங்கண்ணன் உயிரை அம்மாதான் காப்பாத்தினா என்று என்னிடமே சொன்னார்கள். என் அண்ணன் அடியில் கிடந்ததால்தான் உங்கள் கல் பிழைத்தது என்று கத்த நினைத்தேன். அதையும் சொல்லவில்லை. அதற்குள் டாக்டர் எங்களிடம், முதுகெலும்பு போய்விட்டது, இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி வராது என்று சொல்லி முடித்திருந்தார்.

இப்போது காலி டிரம் ஏற்றினாலும் இரண்டு பெல்ட் போடுகிறேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். தினமும் லோடுக்குப் போகும் முன் அண்ணன் வீட்டுக்குப் போவேன். படுக்கைப் புண் வராமலிருக்க அவரைப் புரட்டிவிட வேண்டும். அண்ணி ஒருவரால் முடியாது.

போன வாரம் அப்படிப் புரட்டும்போது மூத்திரக் குழாய் இழுத்துக்கொண்டு, மெத்தை நனைந்துவிட்டது. "பதமா புடிக்க மாட்டியாடா? எப்பப் பாரு அவசரம்" என்று அண்ணன் சிடுசிடுத்தார். எனக்கு அன்று ஏனோ பொறுக்கவில்லை. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது வாயில் வந்துவிட்டது.

"நானா கட்ட மாட்டேன்னு சொன்னேன்? நீதானேணா பெல்ட் வேணாம்னு சொன்ன?"

அண்ணி துணியை எடுத்து மெத்தையைத் துடைக்க ஆரம்பித்தார். அண்ணன் குரலில் கோபமே இல்லை.

"சொன்னேன்டா. விழும்னு எனக்கு இன்னா தெரியும்? உனக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்ணா" என்றேன்.