நாக்கைத் தேடிப் போன துப்பு

குழாய் ரிப்பேர் பார்க்கிற ஆள் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் பிழைப்பு ஓடாது. அதற்காக இந்த ஆள் மாதிரியா? சாப்பிட உட்காரும்போதுகூட ஒரு காலைக் குத்தவைத்து, எந்த நிமிஷமும் எழுந்து ஓடுகிற தோதில்தான் உட்காருவார். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரிதான் தெருவில் நடப்பார். ஒரு வீட்டில் வாஷர் மாட்டும்போதே காது அடுத்த வீட்டு மோட்டார் சத்தத்துக்குப் போய்விடும்.

ஊரில் அவருக்குத் துப்பு என்று பேர். பெண்டாட்டி கொடுத்த பேர். கல்யாணமான புதிதில் கடைக்குக் கிளம்பியவர் பையை மறந்தார். பையை எடுக்கத் திரும்பி வந்தவர் எதற்கு வந்தோம் என்பதையே மறந்து வாசலில் நின்றார். "துப்புக் கெட்ட மனுஷன்!" என்று அவள் போட்ட சத்தம் தெருக்கோடி வரைக்கும் போனது.

அப்புறம்தான் தபால்காரர் வீட்டுப் பேயை அவர் பிடித்தார். சுவருக்குள் யாரோ பெருமூச்சு விடுகிறார்கள் என்று அந்தக் குடும்பமே மொட்டை மாடியில் படுத்துக்கொண்டிருந்தது. இவர் சுவரில் காதை வைத்துக் கேட்டார். வால்வின் நாக்கு தேய்ந்துபோய்க் காற்று ஏறுகிறது என்றார். வால்வுக்குள் தண்ணீரைத் திரும்ப விடாமல் தடுக்கிற சின்ன மூடியைக் குழாய்த் தொழிலில் நாக்கு என்றுதான் சொல்வது. அதை மாற்றினார், பேய் ஓடிவிட்டது. அடுத்து, வேலைக்காரப் பெண் மேல் பழி விழுந்த ஒரு மோதிரத்தை அந்த வீட்டுப் பாத்திரத் தொட்டியின் வளைவுக் குழாயிலிருந்தே எடுத்துக் கொடுத்தார். அன்றோடு 'கெட்ட' உதிர்ந்துபோய், வெறும் துப்பு மட்டும் நின்றது. திட்டாக இருந்தது பட்டமாகிவிட்டது. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்தத் தலைக்கனத்துக்கு வந்த சோதனைதான் பள்ளிக்கூடத்து மணி.

பள்ளிக்கூட வாட்ச்மேன் இவருக்குச் சகலை, பெண்டாட்டியின் அக்கா புருஷன். கேட்டை ஒட்டி ஒரு ரூம், அதன் பின்னால் ஒரு சமையல் இடம். புருஷனும் பெண்டாட்டியும் அதிலேதான் குடித்தனம். நிதானமான மனுஷர். ஒரு சனிக்கிழமை காலையில் அந்த நிதானத்தையெல்லாம் எங்கோ விட்டுவிட்டு ஓடிவந்தார்.

"நாக்கைக் காணோம் சகலை."

துப்பு அவர் வாயைப் பார்த்தார்.

"என் நாக்கு இல்லய்யா! மணியோட நாக்கு!"

பள்ளிக்கூட முற்றத்தில் தொங்குவது பழைய பித்தளை மணி. உள்ளே தோல் வாரில் ஒரு இரும்பு நாக்கு. வார் அறுந்துபோகிற மாதிரி இருந்ததால், வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் சகலை நாக்கைக் கழற்றி, எண்ணெய் போட்டு, துணியில் சுற்றி, தன் ரூமில் ஸ்டூல் மேல் வைத்துவிட்டுப் புது வார் வாங்கப் போனார். வந்து பார்த்தால் ஸ்டூல்தான் இருந்தது.

"பெரிய டீச்சர் நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டாங்க. 'ஒரு நாக்கைக் காபந்து பண்ணத் தெரியாதவன் எப்படி ஒரு பள்ளிக்கூடத்தைக் காவல் காப்பே'ன்னு. இந்தத் திங்க இல்ல, அடுத்த திங்கக்கிழமை கமிட்டிக்காரங்க வர்றாங்க. அதுக்குள்ள வரலேன்னா வேலையும் இல்ல, ரூமும் இல்ல."

உள்ளேயிருந்து துப்பின் பெண்டாட்டி வந்தாள். "எங்க அக்கா பாத்திரம் பண்டத்தோட தெருவுல நிக்கணுமா? ஊர்ப் பேயையெல்லாம் புடிச்சீங்கல்ல, இதைப் புடிங்க பாப்போம்."

போதாதா? துப்பு நேரே டீக்கடைக்குப் போய், கேட்டவர் கேட்காதவர் எல்லார் முன்னாலும் சவால் விட்டார். "எவனா இருந்தாலும் சரி. கமிட்டி வர்ற திங்கக்கிழமை காலைல அத்தனை பிள்ளைங்க முன்னாடி நிக்க வெச்சு, 'நான்தான் எடுத்தேன்'னு அவன் வாயாலயே சொல்ல வெக்கிறேன். இல்லேன்னா என் பேரு துப்பு இல்ல!"

"அது உன் பேரே இல்லையேப்பா," என்றார் டீக்கடைக்காரர்.

முதல் சந்தேகம் பழைய இரும்புக் கடை மேல். அங்கே போய்க் குவியலைக் கிளறியதில் கையைக் கிழித்துக்கொண்டதுதான் மிச்சம். அடுத்த சந்தேகம் சத்தம் சார் மேல். பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டி வீடு. ரிட்டயர் ஆன நாளிலிருந்து மணிச் சத்தம் தலையைப் பிளக்கிறது என்று பெரிய டீச்சரிடம் புகார் சொல்லிக்கொண்டே இருப்பவர். துப்பு பையைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குள் நுழைந்தார்.

"குழாயெல்லாம் சரியா வருதா சார்?"

"நான் உன்னைக் கூப்பிடவே இல்லையே."

"கூப்பிடறதுக்கு முன்னாடி வர்றதுதான் சார் சர்வீஸ்."

சமையலறை, குளியலறை, மாடிப்படிக்கு அடி என்று வேகவேகமாகப் பார்த்தார். கடைசியில் சார் வந்து நின்றபோது துப்பின் தலை துணி அலமாரிக்குள் இருந்தது.

"அதுக்குள்ள எந்தக் குழாய்ப்பா போகுது?"

துப்பு அசடு வழிந்துகொண்டு தலையை வெளியே எடுத்தார். சாருக்குப் புரிந்துவிட்டது. கோபப்படுவார் என்று பார்த்தால், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"நான் எடுக்கல. எடுத்தவனைக் கண்டா நானே ரெண்டு போடுவேன். இப்ப மணிக்குப் பதிலா அந்த வாட்ச்மேன் ஏதோ தகரத்தைத் தட்டறான். அது காதுக்கே எட்ட மாட்டேங்குது. எப்ப எழுந்திருக்கறது, எப்ப சாப்பிடறதுன்னு ஒண்ணும் புரியல. திட்டறதுக்குக்கூட வீட்டுல எதுவுமில்லப்பா."

அந்த வாரம் துப்புக்கு எதிலும் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு வீட்டில் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு அப்படியே கிளம்பி வந்துவிட்டார். அந்த வீட்டு அம்மா ஈரப் புடவையோடு தெருவில் நின்று கூப்பிட்டாள். தெருவில் யார் கனமாகப் பை தூக்கிப் போனாலும் பின்னாலேயே நடந்தார். பள்ளிக்கூடப் பக்கம் போனால் சகலை தகரத்தைத் தட்டும் சத்தம். அக்காக்காரி ரூம் வாசலில் பழைய அட்டைப் பெட்டிகளைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் பெட்டியைக் கதவுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, "தண்ணி குடிக்கிறீங்களா தம்பி?" என்றாள். துப்பு சொம்பை வாங்கி அப்படியே வாசலில் வைத்துவிட்டு நடையைக் கட்டினார்.

சனிக்கிழமை தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து விரலால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தார். பெண்டாட்டி பார்த்தாள்.

"தரையில ஓட்டை போடாதீங்க. அன்னிக்கு சாயங்காலம் பள்ளிக்கூடத்துக்குள்ள யார் யார் இருந்தாங்க? அதைச் சொல்லுங்க முதல்ல."

"நான் பள்ளிக்கூடத்துத் தண்ணித் தொட்டி மேல இருந்தேன், வால்வு வேலை. சகலையும் உங்க அக்காவும் கடைக்குப் போயிட்டாங்க. பெருக்குற அக்கா முற்றத்துல..." எழுந்துவிட்டார். "அக்கா! அன்னிக்கே பஸ் ஏறிப் பொண்ணு வீட்டுக்குப் போச்சே! இன்னும் வரலையே!"

"பொண்ணுக்குப் பிரசவம்னு போச்சுங்க."

"பிரசவத்துக்குப் போறவங்க பையில என்ன இருக்கும்னு யாரு பாத்தா?"

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறினார். உட்கார இடம் இருந்தும் படியருகே நின்றே போனார். விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, பெருக்குற அக்கா பச்சைக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தையைப் பார்த்ததும் துப்பின் குரல் கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் வந்த காரியம்.

"அக்கா, மனசைத் தொட்டுச் சொல்லுங்க. மணியோட நாக்கை எடுத்தது நீங்கதானே?"

"ஆமா."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டால் அடுத்து என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. "எங்க... எங்க வெச்சிருக்கீங்க?"

"உன்கிட்டதானே தம்பி குடுத்தேன்."

"என்கிட்டயா!"

"நீதானே தொட்டி மேலேர்ந்து கத்துன? 'அக்கா, வாசல் ரூம்ல நாக்கை வெச்சுட்டு வந்துட்டேன், எடுத்து வாளியில போடுங்க'ன்னு. போய்ப் பாத்தேன், ஸ்டூல் மேல இருந்துச்சு. போட்டேன். நீ கயித்தை இழுத்துக்கிட்ட."

"நான் கேட்டது வால்வு நாக்கு அக்கா!"

"எனக்கென்ன தெரியும்? அந்தப் பள்ளிக்கூடத்துல இருக்கறது ரெண்டே நாக்கு. ஒண்ணு மணியோடது. இன்னொண்ணு பெரிய டீச்சரோடது. அதை யாரு எடுக்கறது?"

பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றவருக்கு மெல்ல எல்லாம் நினைவுக்கு வந்தது. தொட்டி மேல் நின்று கத்தியது, கத்தி முடிப்பதற்குள் வால்வு நாக்கு தன் சட்டைப் பையிலேயே தட்டுப்பட்டது, மாட்டியது. வாளி மேலே வந்தபோது அதில் துணிச் சுருட்டு ஒன்று கனமாகக் கிடந்தது. தொட்டி மூடி காற்றில் தூக்காமல் இருக்க மேலே பாரம் வைக்காமல் அவர் ஒருநாளும் இறங்கியதில்லை. நல்லதாய்ப் போயிற்று என்று அதைத் தூக்கி மூடி மேல் வைத்தார். சுருட்டைப் பிரித்துப் பார்க்க அவருக்கு எங்கே நேரம்? அடுத்த வீட்டில் வேலை காத்திருந்தது.

திரும்பி வரும்போதும் பஸ்ஸில் உட்காரவில்லை. விடிவதற்குள் ஏறி எடுத்து, ஸ்டூலிலேயே கமுக்கமாக வைத்துவிட்டால் என்ன? யாருக்குத் தெரியும்? வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் சொன்னார். அவள் கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். அப்புறம் சட்டென்று நிறுத்தினாள்.

"கமுக்கமா வெச்சா என்ன சொல்லுவாங்க தெரியுமா? எங்க மாமாவே எடுத்து ஒளிச்சு வெச்சுட்டு, பயந்துபோய்த் திருப்பி வெச்சாருன்னு சொல்லுவாங்க. வேலை போனது போனதுதான்." சேலை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு நல்ல சட்டையாப் போட்டுக்கிட்டுப் போங்க. அத்தனை பேரும் அண்ணாந்து பாப்பாங்க."

திங்கட்கிழமை காலை பிள்ளைகள் வரிசையில் நின்றன. சகலை தகரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, தலையைத் தொங்கப் போட்டபடி ஓரமாக நின்றார். அந்த வரிசைகளுக்கு நடுவே புகுந்து, யாரையும் பார்க்காமல் துப்பு தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில் விறுவிறுவென்று ஏறினார்.

"யாருப்பா அது மேல?" பெரிய டீச்சர் குரல்.

"துப்பு டீச்சர்!"

"நாக்கு எடுத்தவனைக் கண்டுபிடிச்சு எங்க முன்னாடி நிறுத்தறேன்னு டீக்கடையில சொன்னியாமே?"

"நிறுத்திட்டேன் டீச்சர்!"

"எங்க அவன்?"

துப்பு சுருட்டைப் பிரித்தார். எண்ணெய் பூசிய நாக்கு வெயிலில் மின்னியது. அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

"மேலதான் டீச்சர் நிக்கிறான். நான்தான் எடுத்தேன். சகலைக்கு இதுல ஒண்ணும் தெரியாது!"

முதலில் ஒரு பிள்ளை சிரித்தது. அப்புறம் முற்றமே சிரித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் சாரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார். வால்வு நாக்கு, மணி நாக்கு என்று மேலிருந்து துப்பு கத்திச் சொன்ன விளக்கத்தில் பாதி யாருக்கும் கேட்கவில்லை. பெரிய டீச்சருக்குக் கேட்டது. அவர் முகத்தை இறுக்கித்தான் வைத்திருந்தார், உதடு மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. சகலை பக்கம் திரும்பினார்.

"புது வார் வாங்கிட்டியா?"

"அன்னிக்கே வாங்கிட்டேன் டீச்சர்."

"அப்ப ஏன் நிக்கிறே? மாட்டு. கமிட்டிக்காரங்க உன் ரூமையும் பாப்பாங்க. வாசல்ல இருக்கற அட்டைப் பெட்டியெல்லாம் எடுத்து உள்ள வை."

துப்பு கயிற்றில் கட்டி நாக்கை இறக்கினார். சகலை அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போய் மாட்டி, கயிற்றை இழுத்தார். அடித்த அடியில் கூரைப் புறாக்கள் எல்லாம் பறந்தன. பிள்ளைகள் வகுப்புக்கு ஓடின.

துப்பு மட்டும் இறங்கவில்லை. மூடி மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துத் தவித்துக்கொண்டிருந்தார். காற்று வேறு வீசியது.

"என்ன சகலை, இன்னும் மேல?"

"மூடிக்குப் பாரம் வேணும். கனமா எதையாவது வாளியில போடுங்க!"

சகலை இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"பேரைச் சொல்லிக் கேளு."

"கல்லு சகலை! வெறும் கல்லு!"